சிலுவாருக்குள் இருக்கும் கால்

ஆசிரியருக்கு வணக்கம்.

செம்பனை லோரி விபத்தில் என் அண்ணனுக்கு முழங்காலுக்குக் கீழே கால் போய்விட்டது. செயற்கைக் காலோடு நடக்கிறார். போன வாரம் பசார் அருகே மாற்றுத் திறனாளிகளுக்கான இடத்தில் காரை நிறுத்தினோம். "நல்லாத்தானே நடக்கிறீங்க?" என்று ஒருவர் எல்லார் முன்னாலும் கத்தினார். மாற்றுத் திறனாளி அட்டையைக் காட்டியும் நம்பவில்லை. கடைசியில் அண்ணன் சிலுவாரை மடித்துக் காட்டினார். அப்போது அவர் கை நடுங்கியது.

மருத்துவர் உறுதி செய்த பிறகுதான் சமூகநல இலாகா அந்த அட்டையைத் தருகிறது. பொது வசதிகளைப் பயன்படுத்தும் உரிமை மலேசியாவின் 2008-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டத்திலேயே இருக்கிறது. காது கேளாமை போல, பார்த்தவுடன் தெரியாத குறைகளும் உண்டு. சந்தேகமா, சரி, மெதுவாகக் கேளுங்கள். அட்டையைக் காட்டினால் அதோடு விட்டுவிடுங்கள். இந்த வாரம் அண்ணன் பசாருக்கு வரவில்லை.

ஒரு வாசகி,
சுங்கை சிப்புட்