வான் டைக்கின் ஒப்பந்தம்: லிவர்பூல் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

28 மார்ச் 2025

பெறுநர்:
ஃபென்வே ஸ்போர்ட்ஸ் குரூப் நிர்வாகத்தினர்,
லிவர்பூல் கால்பந்துக் கழகம்.

மதிப்பிற்குரிய திரு. ஜான் ஹென்றி, திரு. டாம் வெர்னர், திரு. மைக்கேல் எட்வர்ட்ஸ், திரு. ரிச்சர்ட் ஹியூஸ் ஆகியோருக்கு,

வணக்கம். வரும் ஜூன் 30ஆம் தேதியோடு நம் அணித்தலைவர் விர்ஜில் வான் டைக்கின் ஒப்பந்தம் முடிகிறது. அடுத்த எட்டாவது நாள் அவருக்கு 34 வயது நிறைகிறது. ஜனவரி முதல் தேதியிலிருந்தே வெளிநாட்டுக் கழகங்களோடு பேச்சு நடத்த விதிகள் அவரை அனுமதிக்கின்றன. மார்ச் முடியப்போகும் இந்த நேரத்திலும் நீங்கள் ஒன்றும் அறிவிக்கவில்லை. ஒன்பது ஆட்டங்கள் மீதமிருக்க, 12 புள்ளிகள் முன்னிலையோடு பிரீமியர் லீக் பட்டியலின் உச்சியில் நிற்கும் ஓர் அணி, தன் தடுப்பின் அச்சாணியைக் காலணாகூட வாங்காமல் வெளியே அனுப்பும் நிலைக்கு எப்படி வந்தது என்பதைப் பிறகு யாராவது ஆராயட்டும். அவருக்கு இன்னும் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தை, சம்பளத்தைக் குறைக்காமல், உடனே கொடுங்கள் என்று கேட்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன். நான் சென்னையில் கணக்குத் தணிக்கைத் தொழிலில் இருப்பவன். ஆகவே, ரசிகனின் பாசத்தை மட்டும் காட்டிக் கேட்டால் உங்களைப் போன்ற முதலீட்டாளர்களிடம் எடுபடாது என்பது எனக்குத் தெரியும்.

இந்த மாதம் நடந்த இரண்டு ஆட்டங்கள் எதிர்த்தரப்பின் கையில் நல்ல ஆயுதத்தைக் கொடுத்துவிட்டன. மார்ச் 11 அன்று நம் மைதானமான ஆன்ஃபீல்டில் பாரிஸ் அணியிடம் பெனால்டியில் தோற்றுச் சாம்பியன்ஸ் லீக்கிலிருந்து வெளியேறினோம்; ஐந்தே நாளில் வெம்பிளியில் லீக் கோப்பை இறுதியையும் நியூகாசிலிடம் 2-1 என்று இழந்தோம். முதுகுத்தண்டாக இருக்கும் ஆட்டக்காரர்களுக்கு வயதாகிவிட்டது, பணத்தை இளையவர்கள்மேல் போடுங்கள் என்ற குரல் அன்றிரவே கிளம்பியது. இந்தியாவில் விடியற்காலை வரை கண்விழித்துப் பாரிஸ் ஆட்டத்தைப் பார்த்தவர்களில் பலருக்கும் அந்த எண்ணம் வந்திருக்கும். ஆனால் பாரிஸ் ஆட்டத்தில் டார்வின் நூனியெஸும் கர்டிஸ் ஜோன்ஸும் அடித்த பெனால்டிகளைப் பாரிஸ் கோல்காப்பாளர் டொன்னாரும்மா தடுத்ததால் தோற்றோம். வெம்பிளியில் கார்னரிலிருந்து தலையால் முட்டிக் கோலடித்த நெடிய டேன் பர்னைப் பிடித்துக்கொள்ளும் வேலை, அவரைவிட மிகவும் குட்டையான அலெக்சிஸ் மெக் அலிஸ்டரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. வான் டைக் கோலுக்கு முன்னால் தன் இடத்தைக் காத்து நின்றார். அந்த ஏற்பாடு சரியா என்று பயிற்சியாளரைக் கேட்கலாம். முப்பத்து மூன்று வயதுக்காரரின் கால்களில் வேகம் குறைந்துவிட்டது என்பதற்கு அதைச் சான்றாக்க முடியாது.

தாக்குபவருக்கு மதிப்புப் போடுவது எளிது. முகமது சலா எத்தனை கோல் போட்டார், எத்தனை கோலுக்குப் பந்தைக் கொடுத்தார் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். நடுத்தடுப்பில் நிற்பவரின் வேலையோ, பல நேரங்களில் எந்தப் புள்ளிவிவரக் கட்டத்திலும் விழுவதில்லை. 2019 மார்ச் 31 அன்று ஆன்ஃபீல்டில் டாட்டன்ஹாமோடு நடந்த ஆட்டத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 1-1 என்றிருந்த நேரம். முடிய ஐந்தாறு நிமிடங்கள் இருக்கையில் மூசா சிசோக்கோ பந்தோடு நம் கோலை நோக்கிப் பாய்ந்து வருகிறார். பக்கத்தில் சோன் ஹியூங்-மின் ஓடி வருகிறார். எதிரே வான் டைக் ஒருவர் மட்டும். வேறொரு தடுப்பாட்டக்காரராக இருந்தால் பந்தின்மேல் பாய்ந்திருப்பார், பந்து சோனிடம் போயிருக்கும், கோல் விழுந்திருக்கும். வான் டைக் பாயவில்லை. சோனுக்குப் பந்து போகும் வழியைத் தன் உடலால் அடைத்துக்கொண்டே பின்னோக்கி நகர்ந்து, சிசோக்கோ தன் வலுவில்லாத இடது காலால் அடித்தே தீர வேண்டிய இடம் வரை அவரைக் கூட்டிவந்து, அதற்குப் பிறகுதான் நெருங்கினார். பந்து கம்பத்துக்கு மேலே பறந்தது. ஐந்து நிமிடம் கழித்து ஆல்டர்வெய்ரல்டின் சொந்தக் கோலால் நாம் 2-1 என்று வென்றோம். அந்தச் சில நொடிகளில் அவர் பந்தைத் தொடவே இல்லை. பந்தைப் பறித்த கணக்கிலும் சேராது, இடைமறித்த கணக்கிலும் சேராது. ஆட்டக்காரர்களின் மதிப்பைத் தரவுகளால் அளப்பதில் உலகுக்கே முன்னோடிகள் என்று பெயரெடுத்த உங்கள் அலுவலகம், இதற்கு என்ன எண் கொடுத்தது என்று அறிய எனக்கு ஆவல் உண்டு.

அப்படியானால் இவரைப் போன்றவரை எப்படித்தான் மதிப்பிடுவது? அவர் இல்லாதபோது என்ன ஆயிற்று என்று பார்ப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அந்தக் கணக்கு உங்கள் பேரேட்டிலேயே இருக்கிறது. 2018-19, 2019-20 ஆகிய இரு பருவங்களிலும் 38 லீக் ஆட்டங்களில் ஒன்றைக்கூட அவர் தவறவிடவில்லை. முதல் பருவத்தில் 22 கோல்களை மட்டும் விட்டு 97 புள்ளிகள் பெற்றோம். இரண்டாவதில் 99 புள்ளிகளோடு, முப்பது ஆண்டுக் காத்திருப்புக்குப் பிறகு பட்டம் வென்றோம். 2020 அக்டோபர் 17 அன்று குடிசன் பார்க்கில் எவர்டன் கோல்காப்பாளர் ஜோர்டன் பிக்ஃபோர்டு மோதியதில் வான் டைக்கின் முழங்கால் தசைநார் கிழிந்தது. அந்தப் பருவத்தில் லீக்கில் அவர் ஆடியது ஐந்தே ஆட்டங்கள். அதன் பிறகு நடந்ததை நினைத்துப் பாருங்கள். நடுக்களத்தில் ஆட வேண்டிய ஃபபினியோவும் ஹென்டர்சனும் தடுப்புக்கு இறங்கினார்கள். அதனால் நடுக்களமும் கெட்டது. ஜனவரியில் பர்ன்லி வந்து, 68 லீக் ஆட்டங்களாக ஆன்ஃபீல்டில் தோற்காத நம் பெருமையை உடைத்துவிட்டுப் போனது. பிறகு பிரைட்டன், மான்செஸ்டர் சிட்டி, எவர்டன், செல்சி, ஃபுல்ஹம் என்று, பர்ன்லியையும் சேர்த்துச் சொந்த மைதானத்தில் அடுத்தடுத்து ஆறு தோல்விகள். வெஸ்ட் பிராம் மைதானத்தில் கடைசி நிமிடத்தில் கோல்காப்பாளர் அலிசனே ஓடிவந்து தலையால் கோலடித்ததும் சேர்ந்துதான் 69 புள்ளிகளும் மூன்றாம் இடமும் கிடைத்தன. முந்தைய ஆண்டைவிட 30 புள்ளிகள் குறைவு.

இந்தச் சரிவு முழுவதையும் ஒரே மனிதரின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது. ஜோ கோமஸும் ஜோயல் மாட்டிப்பும் அதே பருவத்தில் காயமடைந்தார்கள். பார்வையாளர் இல்லாத ஆன்ஃபீல்ட் வெறும் புல்வெளியாக இருந்தது. அதேபோல 22 கோல்கள் என்ற சாதனையில் 2018இல் வந்த அலிசனுக்கும் பெரிய பங்கு உண்டு. 2022-23இல் வான் டைக் இருந்தும் ஐந்தாம் இடத்துக்குப் போனோம். அந்த ஆண்டு அவர் ஆட்டமும் தளர்ந்துதான் இருந்தது. இத்தனையையும் கழித்துவிட்டுப் பார்த்தாலும் மிஞ்சுவது பெரிய தொகை.

இனிப் பணத்துக்கு வருகிறேன். சென்ற மாதம் வெளியான உங்கள் 2023-24 கணக்கறிக்கைப்படி வருவாய் சுமார் 61.4 கோடி பவுண்டு, சம்பளச் செலவு சுமார் 38.6 கோடி, வரிக்கு முந்தைய நட்டம் 5.7 கோடி. நட்டத்தில் இருக்கும் கழகம் கையை இறுக்குவதில் வியப்பில்லை. வான் டைக் வாரத்துக்கு 4 இலட்சம் பவுண்டு கேட்கிறார் என்றே வைத்துக்கொள்வோம்; தாராளமாகவே போடுகிறேன். ஆண்டுக்கு 2.08 கோடி பவுண்டு ஆகும், அதாவது மொத்தச் சம்பளச் செலவில் ஐந்தரை விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. இப்போது அவர் இடத்துக்கு ஓர் இளைஞரை வாங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். வான் டைக்கை வாங்கியபோது கொடுத்த அதே 7.5 கோடி பவுண்டுக்கு ஒருவர் கிடைத்தாலும், ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் பிரித்து எழுதினால் ஆண்டுக்கு 1.5 கோடி, வாரம் ஒன்றரை இலட்சம் சம்பளம் என்றால் மேலும் 78 இலட்சம். ஆக ஆண்டுச் சுமை 2.28 கோடி. கிழவருக்கு அதிகம் கொடுக்கிறோம் என்று நினைத்து, இன்னும் தெரியாத ஒருவருக்கு அதைவிட அதிகம் கொடுப்பீர்கள். இளைஞரை நாளை விற்கலாமே என்பது நியாயமான மறுப்புதான். தடுப்பாட்டக்காரர் ஹாரி மெக்வயரை 2019இல் 8 கோடி பவுண்டுக்கு வாங்கிய மான்செஸ்டர் யுனைடெட்டும் அப்படித்தான் நினைத்திருக்கும். நான்கு ஆண்டில் அவரிடமிருந்து தலைமைப் பட்டையும் போயிற்று, வாங்கிய விலையில் பெரும்பகுதியும் போயிற்று. இன்னொரு எண்ணையும் பாருங்கள்: ஐந்தாம் இடத்துக்குப் போனதால் 2023-24இல் சாம்பியன்ஸ் லீக்குக்குப் பதிலாக அதற்கு அடுத்த நிலைப் போட்டியான யூரோப்பா லீக்கில் ஆடிய அந்த ஒரே ஆண்டில் உங்கள் ஒளிபரப்பு வருவாய் 3.8 கோடி பவுண்டு சரிந்தது. ஒரு பருவம் முதல் நான்கு இடங்களிலிருந்து வழுக்கினால் ஆகும் செலவு அது.

என் வாதத்துக்கு மிகப் பெரிய சவால் மாட்ரிட்டிலிருந்து வருகிறது. 2021இல் அங்கே நடுத்தடுப்பில் ஆடிய செர்ஜியோ ராமோஸ் இரண்டு ஆண்டு கேட்டார். ரியல் மாட்ரிட் சம்பளக் குறைப்போடு ஓராண்டுதான் என்றது. அவர் இறங்கிவந்தபோது காலம் கடந்துவிட்டது என்று கதவைச் சாத்தியது. பாரிஸுக்குப் போனவர் முதல் பருவத்தின் பெரும்பகுதியைக் காயத்தில் கழித்தார். மாட்ரிட்டோ டேவிட் அலாபாவை இலவசமாகக் கூட்டிவந்து மறு ஆண்டே சாம்பியன்ஸ் லீக்கை வென்றது. அந்த இறுதியில் தோற்றது நாம்தான். ஆனால் ராமோஸ் மாட்ரிட்டில் ஆடிய கடைசிப் பருவத்திலேயே காயங்களால் பாதிக்கு மேற்பட்ட லீக் ஆட்டங்களைத் தவறவிட்டிருந்தார். வான் டைக் சென்ற பருவத்தில் 36 லீக் ஆட்டங்கள் ஆடினார். இந்தப் பருவத்திலும் அவர் பெயர் இல்லாத அணிப் பட்டியலைக் காண்பது அரிது. உடல் சொல்லும் செய்தி இருவருக்கும் வேறு. மாட்ரிட் கதையைச் சொல்பவர்கள் அதற்கு முந்தைய ஆண்டு பாரிஸ் செய்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 36 வயதை நெருங்கிய தடுப்பாட்டக்காரர் தியாகோ சில்வாவை அவர்கள் சும்மா விட்டார்கள், செல்சி எடுத்துக்கொண்டது, மறு ஆண்டே சாம்பியன்ஸ் லீக்கை வென்றது, 39 வயது வரை அவர் அங்கே ஆடினார். சில்வாவைப் போலவே வான் டைக்கும் ஓட்டத்தைவிட நிற்குமிடத்தை நம்பி ஆடுபவர். தடுப்பு வரிசை உயரே நிற்கும் நம் ஆட்டமுறையில் வேகமும் வேண்டும் என்பது உண்மை. பக்கத்தில் ஓடுவதற்கு இப்ராஹிமா கொனாட்டே இருக்கிறார்.

உங்கள் கடந்த காலத்தையே உங்களுக்கு நினைவூட்ட அனுமதியுங்கள். 2017 ஜூனில், வான் டைக் அப்போது ஆடிய சவுத்தாம்ப்டன் கழகம் புகார் செய்ததும் பொதுவில் மன்னிப்புக் கேட்டு அவரை வாங்கும் முயற்சியைக் கைவிட்டீர்கள். மலிவாக வேறொருவரை வாங்கிக்கொள்ளுங்கள் என்று எல்லோரும் சொன்னோம். அந்த இலையுதிர்காலத்தில் டாட்டன்ஹாமிடம் 4-1 என்று தோற்று, செவியாவில் 3-0 முன்னிலையைக் கோட்டைவிட்டபோதும் நீங்கள் அசையவில்லை. ஜனவரியில் ஒரு தடுப்பாட்டக்காரருக்கு உலகில் அதுவரை யாரும் கொடுக்காத விலையைக் கொடுத்து அவரையே கொண்டுவந்தீர்கள். திரு. எட்வர்ட்ஸ் அவர்களே, அப்போது ஆட்டக்காரர்களை வாங்கும் பொறுப்பில் இருந்தவர் நீங்கள். உரியவருக்கு உரிய விலையைக் கொடுப்பதுதான் சிக்கனம் என்று அன்று முடிவெடுத்த அதே நிறுவனம், 2020இல் தன் பேஸ்பால் அணியான பாஸ்டன் ரெட் சாக்ஸிலிருந்து நட்சத்திர ஆட்டக்காரர் மூக்கி பெட்ஸை அனுப்பிவைத்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அவருக்கு 36.5 கோடி டாலரில் 12 ஆண்டு நீட்டிப்புக் கொடுத்தது. அந்த ஆண்டும் சென்ற ஆண்டும் பேஸ்பாலின் உச்சப் பட்டமான உலகத் தொடரை வென்றது. இந்த இரண்டில் எந்த முடிவு உங்கள் பெயரைச் சொல்கிறது என்பதை நீங்களே அறிவீர்கள்.

நான் கேட்பதற்கும் எல்லை உண்டு. மூன்றாவது ஆண்டு கேட்டால் கொடுக்காதீர்கள். 36 வயதுக்குப் பிறகு யாருக்கும் இன்றே உறுதி சொல்ல முடியாது. ஆடும் ஆட்டங்களைப் பொறுத்து ஒரு சிறு பகுதியை வைத்தால் அவருக்கும் மறுப்பு இருக்காது என நினைக்கிறேன். அடிப்படைச் சம்பளத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம். இந்த இரண்டு ஆண்டுக்குள் அடுத்தவரைத் தேடிக் கொண்டுவந்து, அவர் பக்கத்திலேயே நிறுத்திப் பழக்குங்கள். பயிற்சியாளர் ஆர்னே ஸ்லாட்டின் முதல் லீக் ஆட்டத்தில் நடுத்தடுப்பில் இறங்கிய ஜரெல் குவான்சாவை இடைவேளையிலேயே மாற்ற நேர்ந்தது. நல்ல இளைஞர், அவருக்குக் காலம் வேண்டும், அந்தக் காலத்தை வாங்கித் தருவதும் இந்த ஒப்பந்தத்தின் விலையில் அடங்கும். அடுத்த ஆண்டோடு முடியும் கொனாட்டேயின் ஒப்பந்தத்தையாவது இப்படிக் கடைசி நாள் வரை இழுக்காதீர்கள்.

ஏப்ரல் 2 அன்று ஆன்ஃபீல்டில் எவர்டனோடு ஆடுகிறோம். அதற்குள் முடியாவிட்டாலும், மே மாதத்தில் அவர் கையில் கோப்பையைக் கொடுக்கும் நாளுக்கு முன்பாவது உங்கள் அறிவிப்பை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
லிவர்பூல் ரசிகர் ஒருவர்,
சென்னை.