செயலாளர் ஆண்டறிக்கை, சாட்ஸ்வர்த், தென்னாப்பிரிக்கா

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல், தைப்பூசக் காவடி, தீபாவளி மூன்றும் வழக்கம்போல் நடந்தேறின. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு தொடர்கிறது.

திகில் படங்களில் நடிக்கப் போகும் நம் நாடகக் குழுப் பிள்ளைகளுக்குத் துணையாள் அனுப்பும் திட்டம் பற்றி, "இது சங்கத்துக்கு எதற்கு?" என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். ஆகவே விரிவாகச் சொல்கிறேன். இந்நாட்டில் 15 வயதுக்குட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைப்பது 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நடிப்புக்கு மட்டும் 2004-இல் வந்த தனி விதிகள் இடம் தருகின்றன. விதி தாளில் இருக்கும். பிள்ளையின் முகத்தைப் பார்க்க ஆள் வேண்டும். அந்த ஆள்தான் துணையாள். அவர் கவனிக்கவேண்டியவை இவை.

பேய் வேஷம் போடுவதைப் பிள்ளை ஆரம்பத்திலிருந்தே பார்க்கட்டும், ரப்பர் முகமூடியைத் தொட்டு இழுக்கட்டும். ரத்தம் என்பது சோளப் பாகும் சிவப்புச் சாயமும்தான் என்று காட்டிவிடுங்கள். ஒத்திகை பகலில், விளக்கெல்லாம் போட்டு. பேயையும் பிள்ளையையும் தனித்தனி ஷாட்டாக எடுக்கலாம். பிள்ளை பார்க்கவேண்டிய இடத்தில் கோலில் ஒரு டென்னிஸ் பந்து போதும். புகை போடுவார்கள் என்றால் ஆஸ்துமா, மின்னும் விளக்கு என்றால் வலிப்பு உண்டா என்பதை முந்தின நாளே எழுத்தில் கொடுங்கள். நிறுத்துவதற்கு "மாங்காய்" மாதிரி ஒரு சொல் பேசிவைக்க வேண்டும். "வேண்டாம்", "விடு" எல்லாம் வசனத்திலேயே வரும், உதவாது.

நிஜப் பயம் வேண்டும் என்பதற்காக, பிள்ளையிடம் முன்பே சொல்லாமல் திடுக்கிட வைப்பவர்கள் உண்டு. முதல் டேக் பிரமாதமாக வரும். அடுத்த டேக்கில் கதவு திறக்குமுன்பே பிள்ளையின் கண் கதவுக்குப் போகும். காட்சியும் கெட்டது, ராத்தூக்கமும் கெட்டது. அழவைக்க "அம்மா போயிட்டாங்க" என்பது இன்னும் மோசம். அந்த யோசனையைப் பெற்றோரே சொல்வதும் உண்டு, எழுதாமல் இருக்க முடியவில்லை.

வேலை முடிந்ததும் உடை மாற்றி, முகம் கழுவி, சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சாப்பாடு கொடுத்தே காரில் ஏற்றவேண்டும்.

பெற்றோர் கூட்டத்தில் நாற்காலி அடுக்கியவர்களைவிட உட்கார்ந்தவர்கள் குறைவு. பிள்ளை டிவியில் வந்த அன்று வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் இருந்தார்கள்.

வரவும் செலவும் ஏறக்குறைய சரி, விவரம் பொருளாளரிடம். சந்தா பாக்கிதான் சரியாகவில்லை. துணையாளின் பெட்ரோல் அதிலிருந்துதான் வரவேண்டும்.

மண்டபம் தந்த கோயில் நிர்வாகத்துக்கும் சமையலில் உதவிய அம்மாமார்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் திட்டம் நடக்குமா என்கிறார்கள். ஒரு படப்பிடிப்புக்கு மாற்றி மாற்றி நிற்க இரண்டு பேர் வேண்டும். பட்டியலில் இப்போது என் பெயரும் என் வீட்டுக்காரர் பெயரும் மட்டுமே. பதிவேடு வாசல் மேசையில் இருக்கிறது. பேனாவையும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.

செயலாளர்