அக்காவுக்காக, ஞாயிறு காலை

குழுவில் எல்லோருக்கும் வணக்கம். அக்காவின் பதினாறாம் நாள் காரியம் வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு பெங்களூர் அல்சூர் வீட்டில். மதியச் சாப்பாடு இங்கேயே. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

உங்களில் பாதிப் பேர் தமிழை எழுத்துக்கூட்டிப் படித்ததே அக்காவிடம்தான். பள்ளியில் கன்னடமும் இந்தியும் இருந்தன, தமிழ் இல்லை. சாயங்காலமானால் எங்கள் கூடத்தில் பாய் விரித்து உட்கார வைப்பாள், காசு வாங்க மாட்டாள். ழகரம் வராத பிள்ளையை அதட்டியதே இல்லை. கையில் வாழைப்பழம் கொடுத்துச் சொல்ல வைப்பாள். நம் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை 1991 முதல் 18 ஆண்டுகள் மூடியே கிடந்ததே, 2009 ஆகஸ்ட் 9 அன்று அதைத் திறந்தபோது அத்தனை கூட்டத்திலும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். வள்ளுவர் முகம் தெரிந்ததும் அழுதுவிட்டாள். என்னை வளர்த்ததும் அவள்தான்.

மாலை, சால்வை எதுவும் வேண்டாம். அவள் திருத்திக் கொடுத்த பழைய நோட்டு யாரிடமாவது இருந்தால் எடுத்து வாருங்கள்; பேத்திக்கு அந்தக் கையெழுத்தைக் காட்ட வேண்டும். அப்புறம், எத்தனை பேர் வருவீர்கள் என்று வெள்ளிக்குள் இங்கே போட்டுவிடுங்கள், சமையல்காரரிடம் சொல்ல வேண்டும்.