விசிலோடு ஒரு கொடியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நான் புளியரையில் தையல் கடை வைத்திருக்கிறேன். எட்டாம் வகுப்பு படிக்கும் என் மூத்த மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி இருந்தால் கொஞ்சம் சத்தம் பிடிபடும். ஓடும்போது வியர்வை பட்டால் அது கெட்டுப்போகும் என்று கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி என்னிடம் தந்துவிடுவாள்.

போன விளையாட்டு விழாவில் 100 மீட்டர் ஓட்டம். அந்தக் கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டு கயிற்றுக்கு வெளியே நின்றேன். மற்ற பிள்ளைகள் நேரே பார்த்துக் குனிந்திருந்தார்கள். இவள் மட்டும் தலையைத் திருப்பிப் பக்கத்துப் பிள்ளையின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். விசில் எனக்குக் கேட்டது. அந்தக் கால் எழுந்த பிறகுதான் என் பிள்ளைக்குத் தெரிந்தது. ஓடி, இரண்டு பேரைத் தாண்டி நாலாவதாக வந்தாள். வீடு வரும்வரை அவள் கை ஒரு சைகையும் காட்டவில்லை.

மறுநாள் பி.டி. சாரைப் பார்த்து, "விசில் ஊதும்போதே ஒரு கொடியையும் இறக்குங்க சார்" என்று கேட்டேன். "அவளுக்குன்னு தனியாச் செஞ்சா மத்த பெத்தவங்க கேப்பாங்கம்மா. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. சாரல் நாளில் நனைந்துகொண்டே பிள்ளைகளைப் பஸ் ஏற்றிவிடுகிறவர். ஆனால் விதி அவர் சொன்னபடி இல்லை. காது கேளாத வீரருக்கு ஓட்டத்தின் தொடக்கத்தில் விளக்கு காட்டலாம், அதை வெளியுதவியாகக் கருதக் கூடாது என்று உலகத் தடகள விதிப்புத்தகமே சொல்கிறது. உலக மைதானத்தில் செல்லுபடியாகும் விதி எங்கள் பள்ளி மைதானத்துக்கு மட்டும் ஆகாதா?

ஓட்டமாவது வருஷத்துக்கு ஒரு நாள். வாராவாரம் வரும் விளையாட்டு வேளைதான் எனக்குப் பெரிய வருத்தம். கோ-கோவில் அவளைச் சேர்ப்பதில்லை, "கோ சொன்னாக் கேக்காதுல்லா" என்கிறார்கள். அந்த ஆட்டம் தெரிந்தவர்கள் யோசித்துப் பாருங்கள். உட்கார்ந்திருப்பவரின் முதுகைத் தொட்டுத்தானே கோ கொடுக்க வேண்டும்? முதுகில் கை பட்டதும் எழுந்து ஓட எதற்குக் காது? அவள் எழுப்பும் குரலிலும் "கோ" என்பது தெளிவாகவே வரும். அவளுக்கென்றே அமைந்தது போன்ற ஆட்டத்தில் அவளைத் திண்ணையில் உட்கார்த்தி வைக்கிறார்கள். அதே திண்ணையில் சக்கர நாற்காலிப் பையன் ஒருவன் நோட்டில் ஸ்கோர் எழுதுகிறான். அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் படிப்போடு விளையாட்டிலும் சம வாய்ப்பு தர வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 16-ஆம் பிரிவில் சொல்கிறது. நோட்டும் பேனாவும் அந்த வாய்ப்பு ஆகாது.

ஆரியங்காவில் இருக்கும் என் அக்கா, "பாராலிம்பிக்குக்கு அனுப்பலாம்லா" என்று ஆசையாகக் கேட்டாள். அங்கே காது கேளாதவர்களுக்கென்று பிரிவு கிடையாது. அவர்களுக்கான டெஃப்லிம்பிக்ஸ் தனி. 1924-இல் பாரிஸில் தொடங்கியது. 2022-இல் பிரேசிலில் நடந்தபோது மதுரைப் பெண் ஜெர்லின் அனிகா பாட்மின்டனில் 3 தங்கம் வாங்கினார். அவர் படத்தைக் கத்தரித்துத் தையல் மெஷினுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறாள் என் மகள். பதக்கம் வாங்கித் தா என்று நான் அவளிடம் கேட்கவில்லை. மற்ற பிள்ளைகளோடு மூச்சு வாங்க விளையாடிவிட்டு வந்தால் போதும்.

என் வீட்டுக்காரர் காய்கறி லாரியில் லோடு ஏற்றுகிறவர். புனலூர் போகாத ஞாயிற்றுக்கிழமைகளில் அறுவடை முடிந்த வயலில் அவளுக்கும் தம்பிக்கும் பந்தயம் வைக்கிறார். தோளில் கிடக்கும் சிவப்புத் துண்டை உயர்த்திப் பிடித்து, "போ" என்று கத்திக்கொண்டே கீழே இறக்குவார். பையன் சத்தத்தைக் கேட்டு ஓடுவான், இவள் துண்டைப் பார்த்து ஓடுவாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில்தான் கிளம்புகிறார்கள். இதில் பையனுக்கு என்ன நட்டம் வந்தது?

தென்காசி மாவட்டக் கல்வி அதிகாரிகளுக்கு என் வேண்டுகோள் இதுதான்: இந்த ஆண்டு விளையாட்டு விழாக்களுக்கு முன்பே, தொடக்கத்தில் விசிலோடு கொடியும் காட்ட வேண்டும் என்று எல்லாப் பள்ளிகளுக்கும் எழுதி அனுப்புங்கள். ஒரு கொடிக்கு அரை மீட்டர் சிவப்புத் துணி போதும். எங்கள் பக்கத்துப் பள்ளிகளுக்கு வேண்டியதை நானே கூலி வாங்காமல் தைத்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
புளியரை.