அபர்வாட்டில் எங்களைத் தடுத்து நிறுத்தியவருக்கு

குல்மார்க்கில் கோண்டோலா என்கிற கேபிள் கார் ஏறி அபர்வாட் மலையில் இறங்கி, சறுக்குப் பகுதியின் எல்லைக் கயிற்றைத் தாண்டிப் பனிச்சறுக்கப் போன எங்களைத் தடுத்த காஷ்மீரி அண்ணனுக்கு நன்றி. வெறுமனே ‘போகாதீங்க’ என்றிருந்தால் கேட்டிருப்போமா, சந்தேகம்தான். அவர் பனியில் குழி வெட்டி, ஒரு பனித் தூணைத் தனியே பிரித்து, மேலே மண்வாரியை வைத்துத் தட்டிக் காட்டினார். மணிக்கட்டை அசைத்து 10 தட்டு, அப்புறம் முழங்கையிலிருந்து. இரண்டாவது சுற்று தொடங்கியதுமே மேலடுக்கு அப்படியே வழுக்கி வந்தது. அடியில் சர்க்கரை மாதிரி உதிர்பனி. அள்ளினால் கையில் நிற்கவே இல்லை. இரவுக் காற்று கொண்டுவந்து குவித்த பாரத்தை அது தாங்காதாம். பனிச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் கிளம்பும் என்று சொல்லி, சாய்வு குறைந்த வழியில் கோண்டோலாவின் நடு நிலையமான கோங்டோரி வரை கூடவே வந்தார். டீ குடித்தார், காசு வாங்கவில்லை. பெயர் கேட்பதற்குள் கிளம்பியும் விட்டார்.