எஸ்பெல்காம்பிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள நண்பருக்கு,

உமது கடிதம் சென்ற கிழமை கிடைத்தது. முழங்கால் நோவு குறைந்துவிட்டதையும் பேத்தி பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானதையும் அறிந்து நாங்கள் இருவரும் மகிழ்ந்தோம். நான் குடியிருக்கும் ஊரின் ஒரு பகுதியை அமெரிக்கப் பையன்கள் கட்டினார்கள் என்று எழுதியிருந்தேன் அல்லவா? அதை விரிவாகச் சொல்லும்படி கேட்டிருந்தீர்.

ஜேர்மனியில் இன்றைய எஸ்பெல்காம்ப் நகரம், அதாவது எங்கள் ஊர், நிற்கும் காட்டுக்குள் ஹிட்லரின் இராணுவம் நச்சுவாயுக் குண்டுகளுக்கான கிடங்கு ஒன்றை வைத்திருந்தது. போரின் முடிவில் பிரித்தானியர் அதைத் தகர்த்துவிட எண்ணினார்கள். பிர்கர் ஃபோரெல் என்ற சுவீடன் நாட்டுப் போதகரும் வேறு சிலரும் தலையிட்டு, கிழக்கிலிருந்து துரத்தப்பட்ட ஜேர்மன் அகதிகளைக் குடியேற்றுவதற்காக அந்தக் கட்டடங்களைக் காப்பாற்றினார்கள். இங்குள்ள பிரதான வீதிக்கு, கிழக்கில் இழந்த பிரெஸ்லாவ் நகரத்தின் பெயரைத்தான் இட்டிருக்கிறார்கள்.

நான் சொன்ன அமெரிக்கப் பையன்கள் பெரும்பாலும் மெனோனைட்டுகள். இவர்கள் 16ஆம் நூற்றாண்டில் தோன்றிய ஒரு புரொட்டஸ்தாந்துப் பிரிவினர். ஆயுதம் ஏந்தக் கூடாது என்பது அவர்களின் பழைய கொள்கை. ரஷ்யாவில் பட்டினியால் வாடிய தம்மவருக்கு உதவ, அமெரிக்க மெனோனைட்டுகள் 1920இல் மத்திய குழு ஒன்றை அமைத்தார்கள். அந்தக் குழு இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவெங்கும் உணவும் உடையும் அனுப்பியது. பொதிகளில் 'கிறிஸ்துவின் பெயரால்' என்று அச்சிட்டிருந்தார்கள். 1951இல் அதே குழு 'பாக்ஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. கொரியப் போர்க் காலத்தில், படையில் சேர மனச்சாட்சி இடங்கொடாத இளைஞர்கள் அதற்குப் பதிலாக ஈராண்டு பொதுப்பணி செய்ய வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் விதித்தது. அவர்களில் பலர் மேற்கு ஜேர்மனிக்கு வீடு கட்ட வந்தார்கள். பெரும்பாலும் கமக்காரர் வீட்டுப் பிள்ளைகள். அகதிக் குடும்பம் ஒன்று அரசின் குறைந்த வட்டிக் கடனைப் பெறுவதற்குத் தன் பங்காகக் கொஞ்சம் முதல் போட வேண்டியிருந்தது. கையில் காசில்லாத அந்தக் குடும்பங்களுக்கு இப்பையன்களின் உழைப்பையே முதலாகக் கணக்கிட்டார்கள். நிவாரணப் பணி என்றால் அரிசி மூட்டையும் போர்வையும் மட்டுமே நினைவுக்கு வரும் எனக்கு, இந்த ஏற்பாட்டின் சாமர்த்தியம் மிகவும் பிடித்திருந்தது.

என் பக்கத்து வீட்டு அம்மா, கிழக்கே ஜேர்மனி இழந்த மேற்குப் பிரஷ்யாவில் ஒரு மெனோனைட் குடும்பத்தில் பிறந்து, குழந்தையாக இங்கே வந்தவர். முன்னாள் பாக்ஸ் தொண்டர்கள் தமக்குள் அமெரிக்காவில் ஒன்றுகூடல்கள் நடத்துவது வழக்கம். சில வருடங்களுக்கு முன், அவர்களில் ஒரு சிலர் மனைவிமாருடன் இந்த ஊருக்கும் வந்துபோனார்களாம். வந்தவர்களில் ஒருவர், அம்மா தன் வீட்டு விறாந்தையில் வைத்திருந்த கேக்கையும் கோப்பியையும் கவனியாமல் நேரே நிலவறைக்கு இறங்கி, படிக்கட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, அது தான் கட்டியதா தன் கூட்டாளி கட்டியதா என்று அரை மணிநேரம் வாதிட்டாராம். அம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சுவர் இன்றும் செம்மையாகத்தான் நிற்கிறது, நானே பார்த்தேன்.

ஆனால் அந்தக் கூடலில் ஒருவரும் பேசாத விடயம் ஒன்று உண்டு. ஜேர்மன் மெனோனைட்டுகள் ஆயுதம் ஏந்தாக் கொள்கையை ஹிட்லர் காலத்துக்குள் கைவிட்டிருந்தார்கள். அம்மாவின் தகப்பனாரும் போர்முனைக்குப் போய் வந்தவரே. படையில் சேர மறுத்த இருபது வயதுப் பையனும், அதே மெனோனைட் சமயப் பிரிவைச் சேர்ந்த, ஹிட்லரின் படையில் இருந்த மனிதரும் ஒரே சாந்தைக் குழைத்து ஒரே சுவரைக் கட்டியிருக்கிறார்கள்.

உக்ரைனிலிருந்து வந்த மெனோனைட்டுகளின் கதை இன்னும் சிக்கலானது. பின்வாங்கிய ஜேர்மன் படையுடன் 1943இல் ஏறத்தாழ 35,000 பேர் மேற்கே வந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் சோவியத் நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். தப்பியவர்களுள் 2,300க்கும் மேற்பட்டோரை, பீட்டர் டிக், எல்ஃப்ரீடா டிக் என்ற கனடாத் தம்பதியர் 1947 பெப்ரவரியில் வோலண்டாம் என்ற கப்பலில் பராகுவேக்கு அழைத்துச் சென்றார்கள். பீட்டர் சிறுவனாக ரஷ்யப் பஞ்சத்தில் அதே குழுவின் கஞ்சியைக் குடித்து உயிர் பிழைத்தவர். பேர்லினில் முகாமிட்டிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஜேர்மனியில் சோவியத் படையின் பிடியிலிருந்த வலயத்தைத் தாண்டிக் கடைசி நேரத்தில் புகையிரதத்தில் கப்பலுக்கு வந்து சேர்ந்ததை மெனோனைட்டுகள் விவிலியத்தில் வரும் செங்கடல் பிளந்த அற்புதம் போலவே இன்றும் சொல்லிக்கொள்கிறார்கள். அதேவேளை, ஜேர்மனியர் என்று பதிந்தால் சர்வதேச அகதி உதவி கிடைக்காது என்பதால், இவர்கள் பூர்வீகத்தில் ஒல்லாந்தர் என்று குழு வாதாடியது. போர்க்காலத்தில் இவர்களுள் பலர் ஜேர்மன் குடியுரிமை பெற்றிருந்தார்கள். சிலர் நாற்சிகளுடன் சேர்ந்து பணியாற்றியுமிருந்தார்கள். இதையெல்லாம் ஆராயும் கட்டுரைகளை 2021இல் அந்தக் குழுவே வெளியிட்டது. அந்த நேர்மைக்காக அவர்களை மதிக்கிறேன். பசித்தவனுக்குச் சோறு போடுமுன் அவன் பழைய கணக்கை விசாரிக்க முடியாதுதான். ஆனால் எழுபது வருடங்களுக்குப் பின்னும் விசாரியாமல் இருப்பதற்கு அது நியாயமாகாது.

இந்தக் கட்டுரைகளைப் பற்றி அம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். தகப்பனார் போரைப் பற்றி வீட்டில் வாய் திறந்ததில்லை என்றும், அந்த அமெரிக்கப் பையன்களும் அவரிடம் கேட்டதாகத் தனக்குத் தெரியவில்லை என்றும் சொன்னார். கேட்டிருந்தால் வீடு எழும்பியிராது என்பது அவர் எண்ணம். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை.

நீர் முப்பது வருடம் சரித்திரம் படிப்பித்தவர். அந்தக் கூடலில் இருந்திருந்தால் கேட்டிருப்பீரா? மறக்காமல் எழுதும். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லும்.

அன்புடன்,
உமது பழைய நண்பன்