சிலைகளுக்கு ஈரத்துணி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆயுத பூஜை நெருங்குகிறது. அருங்காட்சியகங்களில் கண்ணாடிப் பேழை இல்லாமல் திறந்தபடி நிற்கும் சிலைகளை ஈரத்துணியால் துடைத்து, சந்தனம் குங்குமம் வைக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. பக்தியோடு செய்வதுதான். ஆனால் பல மாதத் தூசி செய்யாத கெடுதலை அந்த ஒரு துடைப்பு செய்துவிடும்.

கல்லில் நுண்துளைகள் உண்டு. தண்ணீர் பட்டதும் தூசி சேறாகி அவற்றை அடைத்துக்கொள்ளும். போர் தண்ணீரின் உப்பும் உள்ளே இறங்கும். கல் காயும்போது உப்பு படிகமாக வளர்ந்து மேல்தோலைத் தள்ளும், செதில் செதிலாக உதிரும். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும், ஆந்திரத்து அமராவதிப் பௌத்தச் சிற்பங்கள் சுண்ணாம்புக்கல். புளியோ எலுமிச்சையோ பட்டால் கல்லே கரையும்.

செப்புத் திருமேனிகளில் கெட்டியாக, வழவழப்பாக இருக்கும் கரும்பச்சைக் களிம்பு அழுக்கல்ல, கவசம். புளி போட்டுத் தேய்த்தால் அதோடு ஆபரண வேலைப்பாடும் மழுங்கிப்போகும். வெளிர்பச்சையாக மாவுபோல் உதிர்வதுதான் ஆபத்து. குளோரைடு உப்பு காற்றின் ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தைக் குழிகுழியாக அரிக்கிறது என்று அர்த்தம். பீடத்தில் பச்சைப் பொடி சிந்தியிருந்தால் அன்றே அந்தச் சிலையைத் தனியே எடுத்து, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, வேதியியல் பாதுகாப்பு ஆய்வகத்துக்குச் சொல்ல வேண்டும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930 முதல் அப்படியோர் ஆய்வகம் இருக்கிறது.

தூசி எடுக்க முதலில் வேண்டியது டார்ச். பக்கவாட்டில் சாய்த்து அடித்தால், பெயர்ந்து நிற்கும் வண்ணமும் செதிலும் நிழல் விழுந்து தனியாகத் தெரியும். அங்கே கை வைக்கக் கூடாது. பல்லக்கு, வாகனம் போன்ற வண்ணம் பூசிய மரப்பொருள்களில் இது மிக முக்கியம். மற்ற இடங்களில் ஆட்டுமுடி பிரஷால் மேலிருந்து கீழாக, தூசியை வாக்குவம் கிளீனரின் வாய்ப் பக்கம் தள்ள வேண்டும். அந்த வாயில் நைலான் வலையை ரப்பர் பேண்டால் கட்டி, உறிஞ்சும் வேகத்தைக் குறைத்து, சிலையிலிருந்து இரண்டு மூன்று செ.மீ. தள்ளியே பிடிக்க வேண்டும். தப்பித்தவறி துணுக்கு பெயர்ந்தாலும் வலையில் நிற்கும். அதைத் தேதி எழுதிய கவரில் போட்டு வையுங்கள். பிரஷின் தகரப் பட்டை கீறாமலிருக்க அதன்மேல் டேப் சுற்றுங்கள். இறகுத் துடைப்பம் கூடவே கூடாது: ஒடிந்த இறகுத்தண்டு கீறும். உலோகத்தைத் தொடும்போது நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை அவசியம். வியர்வை உப்பில் பதியும் கைரேகை பிறகு அழியாது.

பூஜையைக் கருவிகளுக்கும் அலுவலக மேசைக்கும் செய்யலாமே. சிலைகளைச் சுற்றி ஒரு மீட்டர் தள்ளிக் கயிறு கட்டினால் பார்வையாளர்களின் கையும் எட்டாது. ஏற்கெனவே குங்குமம் பட்டிருந்தால் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். உலர்ந்த பிரஷில் வருவதை மட்டும் எடுத்துவிட்டு, மிச்சத்தை ஆய்வகத்தாரிடம் விட்டுவிடுங்கள்.

– அருங்காட்சியகப் பொருள் பாதுகாப்பாளர், சென்னை